பெருக்காத முற்றம்

பாலாவிலிருந்து,
மகர மாதம்

அன்புள்ள மகன் சிபிக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே எனக்கு முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லை, அங்கே நீயும் ஜின்சியும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். பக்கத்து வீட்டு ஓமனாவின் மருமகன் கனடா வருகிறான், அதனால் எழுதி அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன மழைக்கு முன்னால் விவசாய அலுவலகத்தில் வகுப்பு எடுத்தார்கள், ஒரு சருகைக்கூட எரிக்காதீர்கள், பெருக்கித் தள்ளாதீர்கள், மண்ணுக்குப் போர்வை வேண்டும் என்று வகுப்பெடுத்த பெண் படித்துப் படித்துச் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடிந்ததும் துடைப்பத்தைத் தூக்குகிற என்னிடம் போய்! ஆனாலும் செய்து பார்த்தேன். சேனைக் குழியில் தேங்காய் மட்டை, அதன்மேல் பலா இலையும் ஜாதிக்காய் இலையும், அதன்மேல் சாணிக் கரைசல். அடுப்படித் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டேன். இந்த வெயிலிலும் சருகை விலக்கினால் மண் ஈரமாக இருக்கிறது மகனே, மண்புழு நெளிகிறது. ஒரு சேனை அண்டா அளவுக்கு விளைந்தது, தூக்க முடியவில்லை. ஆனால் யார் சாப்பிட? ஒரு துண்டை வேகவைத்துக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு தின்றேன், மீதி முழுக்க ஓமனாவுக்கு.

முன்முற்றத்தை மட்டும் பெருக்கிக்கொண்டுதான் இருந்தேன், போன வாரம் அங்கேயும் செடி வைக்கலாம் என்று சருகை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் போனதும் ஓமனா ஓடிவந்து கதவை இடிக்கிறாள், பின்னால் பால்காரன் வேறு. நான் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்து நின்றால், என்னைக் கண்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முத்தம் பெருக்காம கெடந்தா நான் என்னத்த நெனைக்க சேச்சி, போய்ச் சேந்துட்டீங்களோன்னு பால்காரனையும் இழுத்துக்கிட்டு ஓடியாறேன், நீங்க ஜம்முனு சோப்பு மணக்க நிக்கிறீங்க என்று திட்டித் தீர்த்தாள். வகுப்பில் சொன்னதைச் சொன்னேன். மண்ணுக்குப் போர்வை போத்துங்க, என் உசுர ஏன் வாங்குறீங்க என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அவள் போனபிறகுதான் தோன்றியது, நீயும் தினமும் பார்க்கிறாயே, நீ ஏன் கேட்கவில்லை? போன வருஷம் வந்தபோது வீட்டு மூலையில் கேமரா மாட்டிவிட்டு, அம்மச்சி, நான் எப்பவும் உங்களப் பாத்துக்கிட்டே இருப்பேன் என்றாயே. கிறுக்கச்சி நான், தினமும் முற்றத்தில் நின்று அந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தால், அடுப்படித் தண்ணீர் குடித்த வாழை கூரைவரைக்கும் வளர்ந்து, ஒரு இலை கேமராவின் முகத்திலேயே சாய்ந்து கிடக்கிறது. புது இலையும் இல்லை, கிழிந்து பழுத்த இலை. கிறிஸ்துமசுக்கு முன்பே மூடியிருக்கும். கிறிஸ்துமசுக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றேன் சிபி. இத்தனை நாளும் இலையைத் தவிர உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, தெரியவில்லை என்பதே உனக்குத் தெரியவில்லை. கோபமில்லை என்று சொன்னால் பொய். உட்கார்ந்து அழுதேன்.

வாழை குலை தள்ளியிருக்கிறது, காய் முற்றும்வரை ஒரு இலையையும் அறுக்க மாட்டேன். முன்முற்றத்தை மட்டும் மறுபடி பெருக்க ஆரம்பித்துவிட்டேன், மண்ணுக்கு அது நஷ்டம்தான். ஆனால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று பார்க்கிறவளுக்குத் தெரிய வேண்டுமே.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தையைக் காது மூடாமல் வெளியே கொண்டுபோகாதே.

உன் அம்மச்சி,
ஏலிக்குட்டி