இரண்டு கை உப்பு

கொக்கிளாய்
04.02.2024

அன்பு மகன் அன்ரனுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம். பாரிஸ் குளிரில் நீயும் மருமகள் மேனுகாவும் எப்படி? போன் எடுத்தால் பதிலில்லை என்று கோபித்திருப்பாய். "இது என்னத்துக்குக் கத்துது?" என்று கேட்டு, அப்பா அதைக் களப்புத் தண்ணீரில் எறிந்துவிட்டார். சின்னம்மாவின் போனில் நான் கதைக்கமாட்டேன். அவள் மகள் யூலியானா காதை நீட்டிக்கொண்டு நிற்பாள். அதுதான் கடிதம்.

அப்பாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. போன கிழமை பூசைக்குப் போகிற வழியில் கோபித்துக்கொண்டு எங்கேயோ நடந்துவிட்டார். ஊரே தேடியது. என் பெயரும் மறந்துவிட்டது, "இஞ்ச பார் பிள்ளை" என்கிறார். இந்த வயதில் பிள்ளையாக இருப்பதும் நல்லாய்த்தான் இருக்கிறது.

அவரை வவுனியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு நான் உன்னிடம் வரவேண்டும் என்று சின்னம்மாவிடம் சொன்னாயாம். வரமாட்டேன்.

இந்தத் தடவை போட்ட கட்டா மீன் கருவாடு புழுத்துவிட்டது. வெயில் சரியில்லை.

அன்பு அம்மா,
றோசம்மா

பாரிஸ்
21.02.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

போன் களப்புக்குப் போன கதையை வாசித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. இல்லத்தில் ஆண்கள் பகுதியில் ஒரு கட்டில் ஒதுக்கிவிட்டார்கள். வைகாசிக்குள் அப்பாவைச் சேர்க்கவேண்டும். அவர் கோபத்தில் உங்களைத் தள்ளி விழுத்தினால் யார் தூக்குவது? உங்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, கோர்ட்டில் வாதாடுகிற அப்புக்காத்து மாதிரிக் கதைக்கிறீர்கள். நீங்கள் ஏன் அவரோடு சேர்ந்து அழியவேண்டும்?

மாசி வெயிலுக்குக் கல்லும் காயும் என்று சின்னம்மா சொல்கிறார். மீன் எப்படிப் புழுத்தது?

உங்கள் மகன்,
அன்ரன்

கொக்கிளாய்
16.04.2024

அன்பு மகனுக்கு,

மீன் எப்படிப் புழுத்தது என்று கேட்டாய். நான் உப்புப் போடவில்லை.

அப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன அன்று, "என்னையும் பாருங்கோ" என்று டாக்டர் பிள்ளையிடம் கேட்டேன். சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். மாதா பிரார்த்தனையைப் புத்தகம் பாராமல் சொல்லி ஊருக்கே செபம் நடத்துகிற என்னிடமா? ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"பிறகேன் அம்மா வந்தனீங்கள்?"

"மீனுக்கு உப்புப் போடவேணும் எண்டு வாயால சொல்லிக்கொண்டே, உப்பில்லாமல் காயப்போடுறன் பிள்ளை."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

ஆண்களுக்கு இந்த நோய் வந்தால் கோபமும் அலைச்சலுமாய்க் கெதியில் வெளியே தெரிவதுண்டாம். பெண்களுக்குச் சொல் ஞாபகம் கூடுதல் என்பதால், பலருக்கு அந்த வாயே நோயை மறைத்துவிடுமாம். சோதனையிலும் பாஸ். தெரியவரும்போது முற்றியிருக்கும், பிறகு வேகமாய் இறங்கும். எல்லாருக்கும் அப்படியில்லை என்றும் சொன்னார். மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எனக்கும் அதுதான் மகன்.

அழாதே. இரண்டு பேருக்குமாய் நான் அழுது முடித்துவிட்டேன். இனிக் கேள். அடுத்த தடவையும் நான் உப்பில்லாமல்தான் பரப்பியிருக்கிறேன். அப்பா வந்து பார்த்தார். எல்லா மீனையும் எடுத்துக் கழுவி, உப்புத் தடவி, திரும்பப் பரப்பினார். அவருக்கு என் பெயர் தெரியாது, உப்புத் தெரியும். டாக்டருக்கு அவர் நோயைச் சொல்ல நான் வேண்டும். நான் விட்ட வேலையைச் செய்ய அவர் வேண்டும். பிரித்துவைத்தால் இரண்டு பேரும் கெதியில் போய்ச்சேருவோம், எழுதி வைத்துக்கொள்.

இரண்டு பேருக்கும் ஒரே அறை தருகிற இல்லம் இருந்தால் சொல், யோசிக்கிறேன். இல்லையென்றால் அந்தக் கட்டிலில் நீ போய்ப் படு.

ஊருக்கு வந்த உன் சிநேகிதன் சிவராசா பாரிசுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கருவாடு அனுப்புகிறேன். நாங்கள் இரண்டு பேருமாய்ப் போட்டது. தின்று பார்த்துவிட்டுக் கதை.

அம்மா,
றோசம்மா

பாரிஸ்
12.05.2024

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

கருவாடு வந்தது. பொரித்து ஒரு வாய் வைத்ததும் மேனுகா தண்ணீருக்கு ஓடினாள். ஒரே உப்பு! இந்தத் தடவை நீங்கள் மறக்கவில்லை போலிருக்கிறது அம்மா. அப்பாதான் அதை நம்பாமல் தானும் ஒரு கை போட்டிருக்கிறார்.

கட்டில் வேண்டாமென்று எழுதிவிட்டேன். இனிப் பகலெல்லாம் சின்னம்மா உங்களோடு இருப்பார். அடுப்பையும் மருந்தையும் அவர் பார்க்கட்டும், சண்டை பிடிக்காதீர்கள். ஆனியில் அந்தோனியார் திருநாளுக்கு வந்து ஒரு மாதம் நிற்பேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது அம்மா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களைப் பிரிக்கமாட்டேன்.

மிச்சக் கருவாட்டை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் குழம்பு வைத்தோம். அப்போதும் உப்புத்தான். சட்டியை வழித்துத் தின்றேன்.

உங்கள் இருவரின் மகன்,
அன்ரன்