மிசின் நின்றுபோன ஞாயிறு

5.6.88 ஞாயிறு

சோழகக் காற்று இன்றைக்கும் விடவில்லை. வாசிகசாலைக் கூரையில் மூன்று ஓடு பறந்துவிட்டது. யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கவே பத்து மணி. எல்லாம் வெங்காயச் சாக்கு. சனம் வந்து இருந்ததும் தும்மல்தான்.

ஊரடங்கு மாலை ஆறுக்கு. ஆகவே சண்டிலிப்பாயில் இப்போது பேய்ப்படமும் பகலில்தான்.

சுன்னாகத்திலிருந்து வீடியோ மணியம் ரிவி, வீடியோ டெக், மண்ணெண்ணெயில் ஓடுகிற கரண்ட் மிசின் மூன்றையும் வண்டிலில் கொண்டுவந்து இறக்கினார். மிசினைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் பெற்ற பிள்ளை தோற்றுப்போகும். வழக்கமான பல்லவி: "ஏழு வருசம், மாஸ்டர். எத்தினை கலியாணவீடு, எத்தினை சாமத்தியவீடு. இது ஒருநாள் இடையிலை நிண்டதெண்டு ஆரும் சொல்லட்டும், அண்டைக்கே மீசையை வழிக்கிறன்." மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. இரண்டு கன்னத்துக்கும் போதாமல் காதைத் தேடிப் போகிறது.

என் வேலை மைக். படம் இங்கிலிஷ், அவர்கள் கதைக்கக் கதைக்க நான் தமிழில் சொல்லவேண்டும். போன முறை ஒருவன் செத்த இடத்தில் பெண்கள் அழுதார்கள். முடிந்த பிறகு என்னிடம் வந்து, செத்தது எவன் என்று கேட்டார்கள். வெள்ளைக்காரப் பெயர்கள் மனதில் நிற்காது. அன்றிலிருந்து எல்லாருக்கும் தமிழ்ப் பெயர் வைத்துவிடுவேன். படம் ஓட ஓட, வாயில் வந்தபடி.

இன்றைய படம்: ஒரு ரிவி நிலையத்தில் நேரடி ஒளிபரப்பு. நடத்துகிற கோட்டுக்காரன் (கனகர்). பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட, கட்டுச் சொல்கிற, குறி பார்க்கிற மனிசி (அன்னம்). மகனைத் தொலைத்த ஒரு தாய் ரெலிபோனில் கூப்பிடுகிறாள். அன்னம் கண்ணை மூடி, பெடியனின் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அழைக்கிறாள். "வாசலைத் திறந்து வை, விளக்கை ஏற்றி வை, வருகிறான்" என்கிறாள். பெடியனுக்கு நான் வைத்த பெயர் யோகன். நாற்பது தரமாவது சொல்லியிருப்பேன்.

தாய் கதவைத் திறக்கிற இடத்தில் அடுத்த வளவுப் பரமேசக்கா பாயிலிருந்து எழும்பிப் போய்விட்டார். பயம் என்று நினைத்தேன்.

முடிவில் வருவது பெடியன் இல்லை. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு ஏதோ வருகிறது. ரிவி நிலையத்து விளக்குகள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. சனம் விழுந்தடித்து வெயிலுக்குள் ஓடி, அங்கே நின்று ஆளை ஆள் பார்த்துச் சிரித்தது. நான் நன்றாகச் சொன்னேன் என்று நாலு பேர் சொன்னார்கள். தொண்டை கட்டிவிட்டது. கற்கண்டு வாங்க வேண்டும்.

6.6.88 திங்கள்

காற்று. நான் படிப்பிக்கிற ரியூட்டரிக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். சைக்கிள் பின் ரியூப் ஒட்டவேண்டும்.

மத்தியானம் சோறு போட்டபடி என் வீட்டுக்காரி செல்வம் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, படத்திலை என்ன பேர் சொன்னனீங்கள்?"

"என்ன பேர்?"

"அந்தப் பெடியனுக்கு."

சொன்னேன். அவள் அகப்பையை வைத்துவிட்டாள். நேற்று ஊரடங்கு தொடங்கிய பிறகும் பரமேசக்கா வளவின் வாசற் படலை ஆவென்று திறந்து கிடந்ததாம். படலைக் கம்பில் அரிக்கன் லாம்பு. இன்று விடிய ஆடுகள் புகுந்து கத்தரிக் கன்று முழுவதையும் தின்றுவிட்டன. அக்கா ஆட்டைக் கலைத்தாரே தவிர படலையைச் சாத்தவில்லை.

எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். யோகன் பரமேசக்காவின் ஒரே மகன். பத்தொன்பது வயது. போன ஐப்பசியில் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கட்டிக்கொண்டு போனவன். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. யார் மறித்தது, எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை.

என்னிடம் இங்கிலிஷ் படித்தவன். மூன்றாம் வாங்கு, சுவர் ஓரம். ஆமி தேடுதலுக்கு வரப்போகிறது என்று கதை அடிபட்ட அன்று, அவன் பெயர் இருந்த ரியூட்டரி வரவு இடாப்புப் பக்கத்தை நானே கிழித்து அடுப்பில் போட்டேன். அதன்பிறகு அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை. எட்டு மாதம். அடக்கி வைத்தது எங்கே போகும்? மைக்கைப் பிடித்ததும் அதுவாக வந்துவிட்டது.

7.6.88 செவ்வாய்

செய்ய வேண்டியவை:
ரியூப்.
கற்கண்டு.
ப.அக்காவிடம் உண்மையைச் சொல்வது.

முதல் இரண்டும் முடிந்தது.

காலையில் போனேன். முற்றம் கூட்டிச் சாணி தெளித்திருந்தார். கொடியில் நீலச் சேட்டு ஒன்று, தோய்த்துக் காயப்போட்டது. யாருடையது என்று கேட்கத் தேவையில்லை.

"வாங்கோ மாஸ்டர். தேத்தண்ணி குடியுங்கோ."

குடித்தேன். சொல்ல வாயெடுத்தேன். "சீனி காணுமே?" என்றார். காணும், போதும் என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நாற்பது பேருக்கு முன்னால் மைக்கில் முழங்குகிற வாய், ஒரு மனிசிக்கு முன்னால் சீனி காணும் என்று சொல்லிவிட்டு வந்தது.

செல்வம் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

8.6.88 புதன்

காற்று சற்றுக் குறைவு. விடிய ஆறரைக்கு றோந்து. திறந்த படலையைக் கண்டு இந்திய ஆமிக்காரர் இருவர் ப.அக்கா வளவுக்குள் போய்விட்டார்கள். நானும் செல்வமும் வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றோம். (வேலி பிரித்துப் போகிற துணிவு எனக்கு இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.) அக்கா அவர்களிடம் தமிழில், "மகன் வரப்போறான், அதுக்குத்தான்" என்றார். அவர்களுக்கு விளங்கவில்லை. லாம்பைத் தட்டிப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறையும் சும்மா போவார்களா? ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சம் வைத்து ஆளைக் கூப்பிடுகிற வீடு என்று எண்ணினால் அக்காவின் உயிருக்கு யார் பொறுப்பு? நான்தான்.

ரியூட்டரிக்குப் போகவில்லை. நேரே போனேன். நின்றபடியே சொன்னேன். இருந்தால் தேத்தண்ணி வந்துவிடும்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமைப் படத்திலை அந்தப் பெடியனுக்கு யோகன் எண்டு பேரில்லை. அது நான் வைச்சது."

"தெரியும்."

"அது நேரடி ஒளிபரப்பும் இல்லை. எங்கையோ நடிச்சு எடுத்த படம்."

"அதுவும் தெரியும். வெள்ளைக்காரச்சிக்கு என்ரை பிள்ளையை எப்பிடித் தெரியும்?"

"பின்னை ஏன் படலையைத் திறந்து வைக்கிறியள்?"

சேட்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து மடியில் வைத்தார்.

"எட்டு மாசமா இந்த ஒழுங்கையிலை ஆரும் அவன்ரை பேரைச் சொல்லுறேல்லை, மாஸ்டர். உங்கடை பெடியன், உங்கடை மகன், அந்த விசயம். பேரைச் சொன்னால் தங்களுக்கும் ஏதும் வந்திடும் எண்ட மாதிரி. நான் பிழை சொல்லேல்லை, எல்லாருக்கும் பிள்ளையள் இருக்கு. அண்டைக்கு நீங்கள் மைக்கிலை யோகன், யோகன் எண்டு கூப்பிட்டியள். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அவ்வளவு பலமாக் கூப்பிட்டுப்போட்டு, பிள்ளை வாற நேரம் படலை சாத்திக் கிடக்கலாமே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்து நாலு வயது ஆம்பிளை. அவர் பார்க்காதது போல இருந்தார்.

இடாப்புப் பக்கத்தைக் கிழித்த கதையையும் சொன்னேன். "அவன் இங்கிலிஷிலை கெட்டிக்காரனே?" என்று மட்டும் கேட்டார். எழுத்துப் பிழை விடுவான், பேசுவதில் கெட்டிக்காரன் என்றேன். அது உண்மை.

பிறகு படலைக்குப் போனோம். "பூட்ட வேண்டாம் அக்கா. சும்மா சாத்தி, கொளுக்கியைப் போடுங்கோ. கொளுக்கி எங்கை இருக்கெண்டு யோகனுக்குத் தெரியும்தானே." நேருக்கு நேர் அந்தப் பெயரைச் சொன்னபோது நாக்கு ஒருமுறை தட்டியது.

"ஓம். இடக்கையாலைதான் எடுப்பான்" என்று சொல்லி, தானே கொளுக்கியைப் போட்டார். இருட்ட முன்னம் லாம்பை உள்ளே எடுக்கவும் சம்மதம்.

அத்தோடு வந்திருக்கலாம். படலைக்கு மேலால் கேட்டார்: "நான் இடையிலை எழும்பி வந்திட்டன். முடிவிலை அவன் வந்தவனே?"

வெறும் படம் என்று தெரிந்தவர்தான் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, சட்டைக்குள் வேறு ஏதோ வந்தது என்று எப்படிச் சொல்ல?

"முடிவு ஒருத்தரும் பாக்கேல்லை அக்கா. மிசின் நிண்டுட்டுது."

9.6.88 வியாழன்

பொய் சொல்வது ஒரு நிமிடம். அதைக் காக்க ஒரு ஊர் வேண்டும். காலை முழுவதும் சைக்கிளில் திரிந்தேன், படம் பார்த்த வீடு வீடாக.

வாசிகசாலைச் செயலாளர்: "நான் பொய் சொல்லுறேல்லை, மாஸ்டர்." கொஞ்சம் பொறுத்து: "எத்தினை மணிக்கு நிண்டது எண்டு சொல்ல வேணும்?"

தபால்காரர்: ஒரு தலையாட்டல். மனிசன் எட்டு மாதமாக அந்தப் படலையைக் கடிதமில்லாமல் கடக்கிறவர்.

வெங்காயம் பிடுங்க வந்த பெண்கள்: தாங்கள் முதலிலேயே எழும்பி ஓடியதாகச் சொல்லுவார்களாம். நல்லது.

பிள்ளைகள்தான் தலையிடி. மூன்று நாளாக ஒழுங்கையில் அதே விளையாட்டு: ஒருத்தி தாய், ஒருவன் தகப்பனின் சேட்டைப் போட்டுக்கொண்டு வருகிற பேய். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உள்ளதைச் சொன்னேன். பின்னேரம் பார்க்கிறேன், சேட்டுக்காரன் இல்லை. தாய் கதவைத் திறக்கிறாள், மற்றவன் "டக்... டக்... டக்" என்று மிசினைப் போல இரைந்து ஓய்கிறான், எல்லோரும் நிலத்தில் சரிகிறார்கள். பெரியவர்களுக்கு இவ்வளவு சுறுக்காக விளங்கவில்லை.

ப.அக்கா படலை சாத்திக் கிடக்கிறது. லாம்பு உள்ளே.

10.6.88 வெள்ளி

மிஞ்சியிருந்தது மணியம். சுன்னாகம் போய் விசயத்தைச் சொன்னேன். மனிசன் எழும்பி நின்றுவிட்டார்.

"என்ரை மிசின் நிண்டதெண்டோ?"

"ஒரு தாய்க்காக, மணியம்."

"கடவுளே எண்டு வேறை ஏதும் சொல்லியிருக்கலாமே மாஸ்டர். கசற் அறுந்தது எண்டு சொல்லியிருக்கலாம். ரிவி பத்தினது எண்டு சொல்லியிருக்கலாம். மிசினிலைதான் கை வைக்கோணுமே? நாளைக்குச் சந்தை முழுக்கக் கதைக்கும்."

நியாயம்தான். அந்த நேரம் கசற் ஞாபகம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மனிசன் மிசினைச் சாக்கால் மூடிவிட்டு உள்ளே போனார். ஞாயிறு மீண்டும் வாசிகசாலையில் படம் போடப் பேசியிருக்கிறது. வருவாரோ தெரியாது. வந்தாலும் பரமேசக்காவுக்கு முன்னால் சத்தியம் பண்ணி மறுத்துவிடுவார்.

நித்திரை வரும்போல் இல்லை. செல்வம் சொல்கிறாள், "வாறது வரட்டும், லாம்பை நூர்த்துப்போட்டுப் படுங்கோ."

12.6.88 ஞாயிறு

காற்று. யன்னல் சாக்கு இரண்டு அவிழ்ந்துவிட்டது. இன்றைக்குச் சாமி படம், தமிழ், எனக்கு மைக் வேலை இல்லை.

பத்து மணிக்கு வண்டில் வந்தது. இறங்கிய ஆள் யார் என்று முதலில் ஒருவருக்கும் மட்டுக்கட்ட முடியவில்லை. வேறு யாரையோ அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. மணியம். மீசை இல்லை.

ஒழுங்கை முழுவதும் அந்தச் சபதம் தெரிந்தவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

சற்றுக் கழித்துப் பரமேசக்கா வந்தார். கையில் போத்தல், முக்கால்வாசி மண்ணெண்ணெய். நேரே மணியத்திடம் போனார்.

"இந்தாங்கோ தம்பி, மிசினுக்கு. லாம்புக்கு இனி இவ்வளவு தேவையில்லை. படலை சாத்தித்தானே. அண்டைக்கு இடையிலை நிண்டதாம்?"

"ஓம் அக்கா" என்றார் மணியம். "நிண்டுட்டுது. ஏழு வருசத்திலை அண்டைக்குத்தான் முதல் தரம்."

அக்கா அவர் முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"முடிவைப் பிறகு போட்டுப் பாத்தனீங்களே?"

"இல்லை. கசற் கொழும்புக்குத் திரும்பிப் போயிட்டுது."

"நல்லது" என்றார் அக்கா. "அது முடியாமலே கிடக்கட்டும்."

போய் முன்வரிசைப் பாயில் இருந்தார். மணியம் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேலுதட்டில் சவர அலகு வெட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தது.