தாத்தா தேய்த்த ஜன்னல்கள்

என் செல்லப் பெண்ணுக்கு,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நான் செய்த முதல் வேலை, தாத்தா வீட்டு முன்னறை ஜன்னல் கட்டையை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை அலசாமல் கொள்ளாமல் ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் குப்பையில் எறிந்ததுதான். நல்ல துணி. பாட்டி பார்த்திருந்தால் துணியோடு என்னையும் சேர்த்து எறிந்திருப்பாள். நேற்று இரவு இங்கேயே தங்கிவிட்டேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் குறட்டையும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நம் உருண்டைப் பயலும் நலமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன வாரம் நீ அனுப்பிய வீடியோவில் அவன் தவழ்ந்து போய் உன் செருப்பைக் கடித்ததைத் தாத்தா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, “பத்து மாசத்துல என்ன பல்லு, என்ன கடி! அப்படியே என் வம்சம்டி” என்று பெருமைப்பட்டார். பாட்டி உடனே, “ஆமா, செருப்புக் கடிக்கிற வம்சம்” என்றாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், மீதியில் நான் அழுவேன், இரண்டுக்கும் நடுவில் உருண்டை போனை நக்குவான். எழுதினால் ஒழுங்காகச் சொல்லி முடிப்பேன். பயப்படாமல் படி.

தாத்தா வீட்டு மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது என்று போன கோடையிலேயே சொன்னேன் அல்லவா. தாத்தா அதற்குக் கயிறு கட்டினார், பிறகு அந்தக் கயிற்றுக்கு இன்னொரு கயிறு கட்டினார். பாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொந்த வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு நகராட்சியே இலவசமாகப் பழுதுபார்த்துத் தருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தாத்தாவுக்குத் தெரியாமல் போன் போட்டுவிட்டாள். அங்கிருந்து உன் வயதில் ஒரு பெண் பெரிய பையோடு வந்து நின்றாள். தாத்தா கதவைப் பாதி திறந்து, “நாங்க எதுவும் வாங்குறதில்லம்மா” என்றாராம். அவள் சிரித்துக்கொண்டே, “நான் எதுவும் விக்க வரலீங்கய்யா, உங்க படியைப் பார்க்க வந்தேன்” என்றாளாம். நான் நூலகத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அவள் படியைப் பார்த்து முடித்து, வீடு எவ்வளவு பழசு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதிலைக் கேட்டதும் பையிலிருந்து, தலை காயவைக்கும் மெஷின் போல ஒன்றை எடுத்து ஜன்னல் சட்டத்தில் வைத்து அழுத்தினாள். பாட்டி என் காதில், “ஜன்னலுக்கு எதுக்குடி தலை காய வைக்கிறா?” என்றாள். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் கொஞ்சம் மாறியது. விஷயம் இதுதான், பெயிண்டில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவியாம் அது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருப்பார்களாம். தாத்தா வருஷா வருஷம் பூசிய புதுப் பெயிண்டுக்கெல்லாம் அடியில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உரியாமல் மூடிக் கிடந்தால் பெரிய தொந்தரவு இல்லையாம், சுரண்டினால்தான் தூளாகப் பறந்து தரை, கை, வாய் என்று போய்ச் சேருமாம். இதைச் சொல்லிவிட்டு, யாராவது இதைச் சுரண்டித் தேய்த்தீர்களா என்று கேட்டாள். தாத்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நான்தான்! வருஷம் தவறாம உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் பூசுவேன். பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி அழுக்கு மேலேயே அடிச்சுட்டுப் போற ஆள் நான் இல்ல” என்றார். அவள் ரொம்ப மெதுவாக, “அய்யா, நீங்களும் அவர் மாதிரியே அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். தெருவிலேயே பளிச்சென்று இருக்கும் வீடு நம் தாத்தா வீடுதான் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சோம்பேறி மனிதரை எத்தனை வருஷமாக நாம் கேலி செய்திருக்கிறோம்! கடைசியில் அவர் வீட்டில்தான் தூசி குறைவு. அக்கறையாகச் செய்த வேலையே இப்படித் திரும்பிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்.

மறுநாளே இருவரையும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். பாட்டிக்குக் கொஞ்சம்தான், தாத்தாவுக்கு இருக்க வேண்டியதைவிட நன்றாகவே கூடுதல். பதறாதே, இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், தேய்ப்பதை நிறுத்தினாலே மெல்ல மெல்ல இறங்கும், சில மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். அவருடைய இரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அதன் பிறகுதான் வீட்டுக்குச் சின்னக் குழந்தைகள் யாராவது வருவார்களா என்று கேட்டார். அடுத்த மாதம் வரப்போகிறான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குழந்தைகள் விஷயத்தில் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாதாம், தவழ்ந்த கை நேராக வாய்க்குத்தான் போகும், வளர்கிற மூளை, பாதிப்பு வெளியே தெரியாமலே இருந்துவிடும் என்றார். தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நீ படுத்திருந்த மரத்தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, அந்தப் பெண் வருவதற்கு முன்பே உருண்டைக்காகப் பின்னறையில் வைத்துத் தேய்த்து முடித்திருக்கிறார். அதில் இருந்ததும் அந்தக் காலத்துப் பெயிண்ட்தான், புதுப் பெயிண்ட் டப்பாவை இன்னும் திறக்கவில்லை. தரையெல்லாம் தூள். பாட்டி துடைப்பத்தால் பெருக்கிப் பெருக்கி அதை வீடு முழுக்கப் பரப்பியிருக்கிறாள். இப்போது தெரிகிறதா நான் ஏன் இங்கே தங்கினேன் என்று? காய்ந்த துடைப்பத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு இரண்டு நாளாக ஈரத் துணியும் கையுமாக அலைகிறேன். தொட்டிலைச் சுற்றிக் கட்டி ஓரமாக வைத்தாயிற்று.

தாத்தா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நகராட்சி ஆட்கள் ஜன்னல்களையே மாற்றி, மரவேலையைச் சரிசெய்து, படிக் கைப்பிடியையும் பொருத்தித் தருகிறார்களாம். வேலை நடக்கும் இரண்டு மூன்று வாரம் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. சரியாக நீங்கள் வரும் சமயத்தில்தான் இவர்களுடைய முறை வருகிறது, விட்டால் அந்த இடம் அடுத்த முதியவருக்குப் போய்விடும், மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். தாத்தா பிடிகொடுக்கவே இல்லை. முதலில், “இந்த வீட்டை ஒத்தக் கையால பார்த்துக்கிட்டவன் நான், தர்மத்துக்கு ஜன்னல் வாங்குற நிலைமை எனக்கு வரல” என்றார். பாட்டி விடுவாளா, “உங்களுக்கு மானம் முக்கியம், எனக்கு மாடிப்படி முக்கியம். விழுந்து இடுப்பு உடைஞ்சா உங்க மானமா வந்து தூக்கும்?” என்றாள். பிறகு தாத்தா, “பிள்ளை வர்ற நேரத்துல வீட்டைப் பிரிச்சுப் போட்டு வைக்கவா? வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று பேச்சை மாற்றினார். வெறும் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன். நிலைமையை லேசாக்கலாம் என்று, “நல்லதாப் போச்சுப்பா, இந்த வீட்டுலதானே வளர்ந்தேன், கணக்குல நான் வாங்கின மார்க்குக்கெல்லாம் இப்பத்தான் ஒரு சாக்கு கிடைச்சிருக்கு” என்று சொல்லிச் சிரித்தேன். பாட்டி சிரித்தாள். தாத்தா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்று, “சின்ன வயசுல உனக்கு அடிக்கடி வயித்து வலி வருமே, அது இதனால இருக்குமோ?” என்று கேட்டார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. இருக்காதுப்பா, எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்றேன். உண்மையில் எனக்கும் தெரியாது, இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நன்றாகப் படித்தேன், வேலைக்குப் போனேன், உன்னைப் பெற்றேன், எனக்கு இது போதும். அவருக்குத்தான் போதவில்லை. கையெழுத்துப் போட்டால், தன் பெண்ணுக்குத் தானே தூளைத் தின்னக் கொடுத்ததாக ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குத்தான் மானம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

நீங்கள் இருக்கும் கட்டடமும் பழையது என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்ன ஞாபகம். ஜன்னல் ஓரம் பெயிண்ட் பொரிந்து உரிந்திருக்கிறதா என்று பார், உரிந்திருந்தால் நீயே சுரண்டப் போகாதே, வீட்டுக்காரரிடம் சொல். மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, அவருக்கும் தாத்தாவின் கை வந்துவிட்டது, எதைப் பார்த்தாலும் தேய்க்கிறார். தரையை ஈரத்தால் துடை, வெளிச்செருப்பை வாசலிலேயே விடு, உருண்டை சாப்பிடும் முன் அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது இதற்கும் ஒரு பரிசோதனை வேண்டுமா என்று மறக்காமல் டாக்டரிடம் கேள். மறப்பாய் என்று தெரியும், அதனால் இந்த வரியின் கீழ் கோடு போட்டிருக்கிறேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் தூங்கும் முன் சமாதானமாகி, நிறைவாக இருங்கள். உருண்டையின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம், மூன்றாவது தாத்தாவுடையது.

இனி நான் எழுதப்போவதை உன் அப்பாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. வேலை முடிந்து, தூசியைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று அவர்கள் சொல்லும் வரை உருண்டை இந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டான். நீங்கள் மூவரும் நேராக என் வீட்டுக்குத்தான் வருகிறீர்கள். இருப்பது இரண்டு அறைதான், ஏழு பேர் எப்படியாவது நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம். கொள்ளுப்பேரனோடு இருக்க வேண்டும் என்றால் தாத்தாவும் பாட்டியும் அங்கே வந்துதான் ஆக வேண்டும், வீடு தானாகக் காலியாகிவிடும். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் வைக்கப்போவதில்லை. நாளைக்குப் பாட்டியைத் தூது விடாமல் நானே அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கையெழுத்தைப் பற்றி அவர் என்ன பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும் என்பதையும், எனக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். சில நாள் என்னோடு பேசாமல் இருப்பார். இருக்கட்டும். நீ டிக்கெட்டை மாற்றாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா