பாவாயியின் வலது கண்

ஜூலை 14, வியாழன்
சேலத்தில் நல்ல வெயில். காலையில் எங்கள் வார்டில் இருந்த வாத்தியார் ஒருவர் இறந்தார். தண்ணீர் டம்ளரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொண்டது, கடைசிவரை. வெறிநாய் நோய். ஆனால் எந்த நாயும் அவரைக் கடிக்கவில்லை. போன மாதம் அவருக்கு, எங்கள் ஆஸ்பத்திரியில் இறந்தவர் ஒருவரின் கண் வைத்தோம், அவ்வளவுதான். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் பார்ப்பது நான்.
கண் கொடுத்தவர் வீட்டுக்குப் போனேன். கை கால் விழுந்து போனவர். வாதம் என்றே நம்பியிருந்தோம்; வெறிநாய் நோய் இப்படியும் வரும். மனைவி: "குட்டி நாய்ங்க. பல்லு லேசாப் பட்டுது. அதையெல்லாமா சொல்லுவாங்க, டாக்டரம்மா?"
கொடுத்தவரின் இன்னொரு கண் மலைமேல் கிளியூரில், ஒருத்தியின் வலது கண்ணாக. பாவாயி, காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை.

ஜூலை 15
முதல் பஸ். ஐஸ் பிளாஸ்கில் தடுப்பூசி. மலைமேல் ஒண்டிக்கடை நிறுத்தத்திலிருந்து ஜீப். ஒரே பனி.
பாவாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். திடீரென்று காற்று. முகத்தைச் சுளித்து ஜன்னலைச் சாத்தினாள்.
காற்றுக்கும் பயப்பட வைக்கும், அந்த நோய்.
தண்ணீர் குடிக்கச் சொன்னேன். டம்ளரைத் தள்ளிவிட்டாள்.
"வெள்ளிக்கெழம விரதமுங்க," புருஷன் சடையன் சிரித்தார். "பொழுது சாயாம பச்சைத் தண்ணி தொடமாட்டா."
எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் சொன்னேன்.
பாவாயி: "அப்ப கண்ணைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"
பெரிய டாக்டர் அதையும் யோசிக்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.
"ஊசி எத்தனை வேணாப் போடுங்க. கண்ணைத் தரமாட்டேனுங்க."

ஜூலை 18
லாட்ஜில் தூக்கமே இல்லை. மறு ஊசி. புதுக் கண் நொம்ப அரிக்கிறதாம். நோய் தொடங்கினால் கிருமி நுழைந்த இடத்தில்தான் முதலில் அரிப்பு வரும். அவளிடம் சொல்லவில்லை.
சடையன் வெளியே வந்து மெதுவாக: "ஏனுங்க, அவளைக் கட்டிப்போட வேண்டி வருங்களா?"
கையில் கயிறு. ஓரடி பின்வாங்கினேன். பிறகுதான் கயிற்றின் மறுமுனையில் மாடு அசைந்தது, பனிக்குள்.

ஜூலை 22
அரித்தது தளர்ந்த தையல் நூல். சேலத்துக்குக் கூட்டி வந்து எடுத்துவிட்டோம். பாவாயி ஒரு சொம்புத் தண்ணீரை என் எதிரிலேயே குடித்தாள். "போதுமுங்களா?"
போதாது. ஊசி பாக்கி. உறுதியாகச் சொல்ல மாதங்கள் போக வேண்டும்.

ஜனவரி 9
பாவாயி நலம். பொங்கலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள்.
பெரிய டாக்டர்: "இனி இது உன் வேலைம்மா. கண்ணோ கிட்னியோ, எடுக்கறதுக்கு முன்னால அந்த வீட்டுல நீயே போய்க் கேளு."
இன்றுதான் முதல் வீடு. இளைஞன். அம்மா மடியில் தலை. கூடம் முழுக்க ஒப்பாரி. பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"இவரை நாய் ஏதாவது கடிச்சுதுங்களா?"
அழுகை நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.