கிண்ணத்தில் இருந்தது

ஜனவரி 9

மகள் கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள். சம்பந்தியம்மா வந்திருந்தார். கல்யாணப் பூசை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில்தான். அவர்கள் வேறு சபை. அங்கே நற்கருணை அப்பமும் ரசமும் ஆண்டவரை நினைத்துக்கொள்ள மட்டும்தானாம், ரசத்துக்குப் பதில் திராட்சை ஜூஸ்தான் தருவார்களாம். நான் சும்மா இருப்பேனா? ஐஸ் போட்டா, போடாமலா என்று கேட்டேன். பாவம், அந்த அம்மாவே சிரித்துவிட்டார். என் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. எங்களுடையது நினைப்பு இல்லைங்க, அவரேதான், அவர் ரத்தமேதான் என்றான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்குப் பேச்சைப் பார் என்று அவனையும் ஓட்டினேன்.

குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது அவனுக்கு. கோயில்தான் ஆளை மாற்றியது.

ஜனவரி 17

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது.

நெருங்கிய சொந்தத்துக்கு அப்பத்தோடு ரசக் கிண்ணமும் கொடுத்தார்கள், நிஜ ஒயின். தம்பி எப்போதும் அப்பத்தோடு நிறுத்திக்கொள்வான். இன்றும் நகரப் பார்த்தான். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. பின்னாலிருந்து அவன் காதில் சொன்னேன்.

"என்னடா, ரத்தம்னு சொன்னே. இப்ப ஜூஸ்காரங்க கட்சிக்கு மாறிட்டியா?"

திரும்பி என்னைப் பார்த்தான். போய்க் குடித்தான். ஒரே ஒரு வாய்.

சாப்பாட்டில் ஆளைக் காணவில்லை. போட்டோவிலும் இல்லை. எங்கே போனான்?

ஜனவரி 19

கண்டுபிடித்தேன். அவன் மேல் தூரத்திலிருந்தே சாராய வாடை.

பிப்ரவரி 2

தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான்.

இன்று நான் வேலை பார்க்கிற ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறேன். விரிப்பு கருகிவிட்டது. சூப்பர்வைசர் திட்டவில்லை. உடம்புக்கு என்ன, யாரையும் வம்புக்கு இழுப்பதே இல்லையே என்று கேட்டார்.

பிப்ரவரி 11

ஃபாதரிடம் போய்க் கேட்டே விட்டேன். "அது ஆண்டவரோட ரத்தம்னா, என் தம்பிய ஏன் ஃபாதர் இப்படிப் பண்ணுது?"

ருசி, வாடை, போதை எல்லாம் ரசத்துக்குரியதாகவே இருக்கும், உள்ளே அது என்னவாக இருக்கிறதோ அது மட்டும்தான் ஆண்டவராக மாறும் என்றார். அப்பத்திலேயே ஆண்டவர் முழுசாக இருக்கிறார், உங்கள் தம்பிக்குக் கிண்ணமே வேண்டியதில்லை, அது அவருக்கே தெரியும் என்றார்.

அவனுக்குத் தெரியும். எனக்கு? பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவன் பக்கத்தில்தானே நின்றேன்?

நான் அவன் காதில் சொன்னதை ஃபாதரிடம் சொல்லவில்லை.

மார்ச் 3

சம்பந்தியம்மா பார்க்க வந்தார். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை, தங்கமான மனசு. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்க சபையில நடந்திருந்தா வெறும் ஜூஸ்தானே, சம்பந்தி."

காபி கலக்கிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

மார்ச் 20

ஆஸ்பத்திரி. தம்பிக்கு ரத்தமாக வாந்தி. கண்ணெல்லாம் மஞ்சள். பழைய குடியிலேயே ஈரல் பாதி போயிருந்ததாம், மிச்சத்தையும் இந்த இரண்டு மாசம் தின்றுவிட்டது.

என்னாலதானேடா — என்று கேட்டு அழுதேன்.

"இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா வாயில பட்டப்ப அது அவர்தான். சத்தியமா. வாசல் தாண்டுனப்புறம்தான் சாராயம் ஆச்சு."

மார்ச் 22

போயிட்டான்.

மே 4

இத்தனை ஞாயிறும் போகவில்லை. நேற்று ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வரியையும். இன்று பூசைக்குப் போனேன்.

அப்பத்தைக் காட்டி, கிறிஸ்துவின் திருவுடல் என்றார். ஆமென் சொல்ல வேண்டும். எத்தனை ஆயிரம் தடவை, அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். இன்று வாய் வரவில்லை. ஃபாதர் காத்திருந்தார். பின்னால் யாரோ செருமினார்கள்.

இது வெறும் நினைப்புதான் என்று வைத்துக்கொண்டால் எனக்கு லேசு. ஒரு வாய் ரசம், ஒரு விளையாட்டுப் பேச்சு, அவ்வளவுதான். ஆனால் அவன் சாகிற நேரத்தில் சத்தியம் பண்ணினானே. அது என்ன ஆவது?

ஆமென் என்றேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ.

கையை நீட்ட மறந்து நின்றேன், அப்பத்தை நாக்கில் வைத்தார்.