பொத்தான் டப்பாவில் ஒளித்தது

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர, அது இப்போது நம் வீட்டிலேயே இல்லை. நீ சுகமா? பொய் சொல்லாதே, ஏன் கேட்கிறேன் என்று கடைசியில் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் போனோம். மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் டாக்டர் ஒரு தாளை நீட்டி, சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத உணவு, இருக்கிற நோய் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். உன் அப்பாவிடம் போய்ப் படிவத்தைக் கொடுக்கலாமா? முப்பது வருஷம் பார்சல் ஆபீசில், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மூட்டை நகராது என்று ஊரையே ஆட்டி வைத்த மனுஷர். கன்னம் வீங்கிக் கண்ணை மூடுகிறது, இவர் ஸ்கேல் கேட்கிறார். மருந்தில் இருமல் மிட்டாய், தலைவலித் தைலம், உணவில் பொதுவாக என் சமையல், நோயில் ஆறு வயதில் வந்த அம்மை, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் என் தம்பியின் பெயர். இடம் போதாமல் இன்னொரு தாள் வாங்கிப் பக்க எண்ணும் போட்டார்.

இத்தனையும் எழுதியவர் நெஞ்சுப் படபடப்புக்குத் தினமும் போடும் மாத்திரையை மட்டும் எழுதவில்லை. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, இதயத்துக்கு ஏதாவது மாத்திரை உண்டா என்று மறுபடி கேட்டதற்கு, “எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்” என்று சொல்லிவிட்டு விளக்கைப் பார்த்தார். என் தையல் மேசையில் இருக்கும் பொத்தான் டப்பாவின் அடியில் அவர் அதை ஒளித்து வைப்பது ஆறு மாதமாக எனக்குத் தெரியும். “போடுறாரு, டாக்டர்! பொத்தான் டப்பாவுல இருக்கு” என்று கத்தியே விட்டேன். உன் அப்பா திறந்த வாயை மூடாமலே, “ஒன்னோட ப்ரஷர் மாத்திரையும் அதுலதானே இருக்கு” என்றாரே பார்க்கணும்! டாக்டர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசி மருந்தோடு கலந்திருக்கும் இன்னொரு மருந்து அவருடைய மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறிவிடுமாம். அதனால் அது கலக்காத ஊசியாக, அளவைக் குறைத்து, மெதுவாகப் போட்டுப் பல்லை எடுத்தார்.

உதடு மரத்ததில் வீட்டில் மூன்று மணி நேரம் நிம்மதி. ஆனாலும் விடுவாரா, தாளில் எழுதியே சண்டை போட்டார். ஏன் ஒளித்தீர்கள் என்றேன். வாலுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று எழுதினார். நான் ஒளித்ததும் அதற்குத்தான். நீ ஓடி வராதே, இருவரும் ஒழுங்காக மாத்திரை போடுகிறோம், இப்போது சாப்பாட்டு மேசை மேலேயே வைத்து.

நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கணும். போன மாசம் முழுக்க போனில் கேமரா வேலை செய்யவில்லை என்றாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்பா டாக்டரிடம் கேட்டு வாங்கிய காலிப் படிவம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பி அனுப்பு.

உன் அம்மா
(பக்கத்தில் இருந்து சரிபார்த்தது: அப்பா)