அம்மாவின் கேசட்டில் மிஞ்சிய பாட்டு

என் பாசத்துக்குரிய அண்ணா,

அம்மா போன மாதம் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். மாரடைப்பில் நீங்கள் போய் இரண்டு வருடம் கழித்து. உங்கள் கட்டிலில்தான் படுக்கிறார். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், நம் இறைச்சி ரோல்ஸ் கடை நினைவிருக்கிறதா? முன்னால் நான் பொரிப்பேன், பின்னறையில் நீங்கள் கறுப்பின மக்களின் சோல் இசையில் பாட்டுப் பதிவீர்கள். பெரிய இசைக் கம்பனிக்காரர் வந்து, பெயரை மாற்று, பாட்டெல்லாம் எங்களுக்கே சொந்தம் என்றார்கள். "என்ரை பாட்டை வித்துப்போட்டு நான் ஆரின்ரை பாட்டைப் பாடுறது?" என்று அனுப்பிவிட்டீர்கள். பிறகு சொந்தமாகவே ஒரு கம்பனி. கச்சேரிக்கு வான் வண்டியில் ஸ்பீக்கரும் ரோல்ஸ் பெட்டியும் ஒன்றாகப் போகும். கைதட்டுகிறவர்களின் கையெல்லாம் எண்ணெய் என்று நான் சிரிப்பேன்.

அந்தக் கம்பனியின் முதல் பாட்டை அழித்தது நான்தான். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் குரலைப் பதிந்துதானே ஊருக்கு அனுப்புவோம். யாழ்ப்பாணம் போகிற ஒருவர் வாசலில் காத்து நின்றார். பெயரெழுதாத கேசட் ஒன்றை எடுத்து, அம்மாவுக்குச் சொல்லவேண்டியதை அதில் பேசிப் பதிந்து அவரிடம் கொடுத்துவிட்டேன். பாட்டு இருந்த ஒரே கேசட் அதுதான் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் ஏசவில்லை. "அம்மாவுக்குத்தானே போனது, விடு" என்றீர்கள். ஆனால் அந்தப் பாட்டை நீங்கள் மறுபடி பாடவே இல்லை. நாலு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா, அண்ணா?

அம்மா அந்தக் கேசட்டைக் கைப்பையில் கொண்டுவந்திருக்கிறார். கரண்ட் இல்லாத ஊரில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவில் ரேடியோப் பெட்டியைப் பூட்டி, பெடலைச் சுற்றிச் சுற்றிக் கேட்டாராம். "நீ கதைச்சு முடிய அவன் பாடுறான் எல்லோ. அதுக்காகத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டனான்" என்றார்.

போட்டுக் கேட்டேன். அம்மாவின் முழங்கால் நோவை விசாரித்துவிட்டு, "சரியம்மா, நிப்பாட்டுறன்" என்கிறேன். டக்கென்று ஒரு சத்தம். பிறகு பாதிப் பாட்டிலிருந்து நீங்கள். அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரியாமலே போய்விட்டீர்களே.

உங்களோடு கிற்றார் வாசித்தவர் சொல்லி, ஓர் இசைக் கம்பனிக்காரர் இந்தக் கேசட்டைத் தேடி வந்தார். என் பேச்சை வெட்டிவிட்டு, முன்பாதியை வேறொருவரைக் கொண்டு பாடுவிக்கலாமாம். ஏலாது என்றேன்.

பாட்டு உங்கள் கம்பனியின் பெயரில்தான் வரும். உங்கள் பெயரோடு, பாதியாகவே வரும். முன்னால் என் குரலும் இருக்கும். மீதிப் பாட்டு எங்கே என்று கேட்கிறவர்களுக்கு, அதை அழித்தவள் யாரென்று தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டின் மேல் பேசிவிட்ட தங்கச்சி